கீழே போடச் சொன்ன அக்கா

தாராவியில் எங்கள் கல்லியில் யார் விழுந்தாலும் முதலில் எழும் சத்தம் "தூக்கு, தூக்கு" என்பதுதான். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்து அது. ஆம்புலன்ஸ் வராது, ரிக்‌ஷாகூட வராது. அதனால் ஆளுக்கொரு கையும் காலுமாகப் பிடித்துக்கொண்டு பெரிய ரோட்டுக்கு ஓடுவோம். அன்று காலை அத்தானையும் அப்படித்தான் தூக்கினோம். அவருடைய இடது காலைப் பிடித்திருந்தவன் நான். அந்தக் காலின் கனம் இன்றும் சில நேரம் என் கையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்போது என்னால் ஓர் இடத்தில் இருக்க முடியாது, எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவேன். பத்தாவதைத் தாண்டாதவன் நான். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் நம் கல்லிப் பிள்ளைகளே, உங்களுக்கு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். முறுக்குப் பட்டறையில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்பவர். வாய் ஓயாது. அக்கா நேர்மாறு. மாட்டுங்காவில் ஒரு வீட்டில், படுக்கையில் கிடந்த இருதய நோயாளி ஒருவரைக் கவனித்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. "உங்க அக்கா ஒரு நாள் பூரா பேசுத பேச்ச நான் ஒரு டீக்குள்ள பேசிருவேன் மாப்ள" என்று அத்தான் என்னிடம் கேலி செய்வார். அவள் காதில் விழும்படிதான் சொல்வார். அவள் அதற்கும் பேசமாட்டாள்.

அன்று பட்டறை வாசலில் டீ குடித்தபடி முந்தின நாள் கிரிக்கெட்டைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு பாதியில் நின்றது. நெஞ்சைப் பிடிக்கவில்லை, வலிக்கிறது என்று சொல்லவில்லை, அப்படியே சாய்ந்தார். கைகால் வெட்டி இழுத்தது. வலிப்பு என்று யாரோ சொல்ல, ஒருவர் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார். இன்னொருவர் முகத்தில் தண்ணீர் அடித்தார். தொண்டையிலிருந்து குறட்டை போல ஒரு சத்தம் விட்டுவிட்டு வந்தது. "மூச்சு இருக்கு, தூக்குங்கல" என்றார் பெரிய அத்தான். அவர் அத்தானின் அண்ணன். அந்தச் சத்தத்தைக் கேட்டு எங்களுக்கும் தெம்பு வந்தது. தூக்கினோம்.

தண்ணீர் வரும் நேரம். வாசலுக்கு வாசல் டிரம் நின்றது. ஒவ்வொன்றாக நகர்த்தச் சொல்லிக் கத்திக்கொண்டே போனோம். பாதிக் கல்லியில், வேலைக்குக் கிளம்பிய அக்கா வீட்டிலிருந்து இறங்கி எங்கள் முன்னால் வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மூக்கருகே கன்னத்தைக் கொண்டுபோய் வைத்தாள். பிறகு, "கீழ போடுங்க" என்றாள்.

பம்பாயில் பிறந்த உங்களுக்கு இது புரியாமல் போகலாம். எங்கள் ஊர் வீடுகளில் ஓர் ஆளைத் தரையில் கிடத்துவது உயிர் போன பிறகுதான். கட்டிலிலிருந்து இறக்கிவிட்டால் அழுகை தொடங்கலாம் என்று பொருள். அந்தச் சொல்லைக் கட்டியவள் வாயிலிருந்து கேட்டதும் நாங்கள் பிடியை இன்னும் இறுக்கினோம்.

"ஏ பிள்ள, உசுரோட இருக்கவனத் தரையில போடச் சொல்லுதியா?" என்றார் பெரிய அத்தான்.

"அது மூச்சு இல்ல, பெரியத்தான். போடுங்க."

அத்தானின் இடுப்பைப் பிடித்து இழுத்தே இறக்கிவிட்டாள். ஈரத் தரையில் முழங்காலிட்டு, ஒரு கைமேல் இன்னொரு கையை வைத்து, நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்கினாள். மாட்டுங்கா வீட்டுக்கு வரும் நர்ஸ் ஒரு தலையணையை வைத்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அது எங்களுக்குத் தெரியாது. புத்தி பேதலித்துப் புருஷனை அடிக்கிறாள் என்றே பலரும் நினைத்தார்கள். அவளுக்குக் கை ஓய்ந்தபோது யாராவது வாங்க என்று கூப்பிட்டாள். யாரும் குனியவில்லை. பெரிய அத்தான் அவளைத் தள்ளிவிட்டு மறுபடியும் தூக்கச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். அத்தான் திரும்பவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் பெரிய அத்தான் ஒன்றையே சொன்னார்: "பாதி வழியில தரையில போட்டுட்டா. நேரா போயிருந்தா பொழச்சிருப்பான்." பிறகு அவர் வீட்டு விசேஷங்களுக்கு அக்காவுக்கு அழைப்பில்லை. குழாயடியில் அவள் வந்தால் பேச்சு நின்றது. அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிடுவாள். நான்தான் நிம்மதியில்லாமல், பார்த்த டாக்டரிடமெல்லாம் கேட்டேன். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

இருதயத்துக்குள் சின்னதாக ஒரு கரண்ட் ஓடுகிறது. அது தாறுமாறானால் இருதயம் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கும். ரத்தம் மூளைக்குப் போகாது. ஹார்ட் அட்டாக் வந்தவர் பெரும்பாலும் வலிக்கிறது என்று சொல்வார், பேசுவார். இதில் ஆள் சட்டென்று விழுந்துவிடுவார். அட்டாக்கும் இதில் கொண்டுபோய் விடலாம். பழைய அட்டாக்கில் பலவீனமான இருதயம், பிறவியிலேயே உள்ள கோளாறு, குடும்பத்தில் வழிவழியாக வருவது என்று வேறு காரணங்களும் உண்டு. கைகால் இழுத்தால் அது வலிப்புதான் என்று நம்பிவிடக் கூடாது. விட்டுவிட்டு வரும் அந்தக் குறட்டை மூச்சும் ஆகாது. கூப்பிட்டும் அசையவில்லை, சரியான மூச்சும் இல்லை என்றால் தரையில் கிடத்தி, நெஞ்சின் நடுவில் பலமாக, வேகமாக, விடாமல் அழுத்த வேண்டும். ஒருவர் ஓய்ந்தால் அடுத்தவர் தொடர வேண்டும். அதற்குள் இன்னொருவர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து, ஷாக் கொடுக்கும் மிஷின் பக்கத்தில் எங்காவது இருக்கிறதா என்று ஓட வேண்டும். தூக்கிக்கொண்டு ஓடும்போது அழுத்த முடியாது. அழுத்த வேண்டிய அந்த நேரத்தைத்தான் நாங்கள் ஓடியே தீர்த்தோம்.

அக்கா தொடக்கத்திலேயே அங்கே இருந்திருந்தால் அத்தான் பிழைத்திருப்பாரா? பிழைத்திருக்கலாம் என்பதற்கு மேல் எந்த டாக்டரும் சொல்லவில்லை. 

போன மழைக்காலத்தில் பெரிய அத்தானுக்கு அட்டாக் வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் இருதயம் பாதி பலத்தில்தான் வேலை செய்கிறதாம், திடீரென்று நின்றாலும் நிற்கலாம், நின்றால் அங்கேயே கிடத்தி நெஞ்சை அழுத்த வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். நானும் அங்கே இருந்தேன். அக்கா உள்ளே வரச் சொன்னாள். வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"நான் விழுந்தா என்னையத் தூக்க விட்டுராத பிள்ள. கீழ போடச் சொல்லிரு."

அக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பழையதைக் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவும் இல்லை.

"பகல் பூரா நான் மாட்டுங்கால கெடப்பேன், பெரியத்தான். நீங்க விழும்போது பக்கத்துல நானா இருப்பேன்? பிள்ளையள அனுப்புங்க."

ஞாயிற்றுக்கிழமை அவருடைய இரண்டு பையன்களும் வந்தார்கள். அக்கா தரையில் தலையணையைப் போட்டு அவர்களை முழங்காலிட வைத்தாள். பெரிய அத்தான் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவன் பயந்து பயந்து கை வைத்தான்.

"நல்லா அழுத்துதானா?" என்று கேட்டார்.

"இல்ல. கை நடுங்குது" என்று சொல்லிவிட்டு, அக்கா அவனை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கச் சொன்னாள்.