முறிந்ததா என்று கேட்டார்கள்

“தள்ளுடா அந்தப் பக்கம், கண்ணைக் குத்தாதே” என்று வெல்டா ஹாகன் ஒரு பேரிக்காய் மரத்தை அதட்டிக்கொண்டிருக்கிறார். மூன்று கால் ஏணியின் உச்சிப் படியில் நிற்கிறார். மர வரிசைகளுக்கு நடுவே பனி இன்னும் திட்டுத்திட்டாகக் கிடக்கிறது. கவாத்துக் கத்திரி ‘சடக்’கென்று கடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு குச்சி விழுகிறது, கூடவே ஒரு வசவும் விழுகிறது. போன வருடம் சரியாகக் காய்க்காத மரத்துக்கு வசவு அதிகம். நன்றாகக் காய்த்த மரத்துக்கும் உண்டு. “தலைக்கனம் வேண்டாம், இந்த வருஷம் பார்ப்போம்.”

வயது எழுபத்து நான்கு. மதியச் சாப்பாடு தன் சின்ன லாரிக்குள்தான். கதவைத் திறந்து போட்டு, காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்து, முதலில் இனிப்பைத் தின்றுவிட்டு அப்புறம் ரொட்டியைத் தொடுவார். “நடுவுல செத்துப் போயிட்டா நல்லதை விட்டுட்டுப் போகக்கூடாது பாருங்க” என்பார். வேலிக்கு இந்தப் பக்கம் இருப்பது என் தோட்டம். அவர் மரங்களோடு போடும் சண்டையைக் கேட்டுக்கொண்டேதான் என் மரங்களை நான் கவாத்து செய்கிறேன்.

எங்கள் பள்ளத்தாக்கில் ‘எப்படி இருக்கீங்க’ என்று யாராவது கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லிவிட்டு நடந்து போவதுதான் வழக்கம். வெல்டா நின்று பதில் சொல்வார். “முட்டி வலிக்குது. தண்ணி மோட்டார் ரிப்பேர். நேத்து ராத்திரி தூக்கமே இல்ல. நீங்க?” பாதிரியாரின் மனைவி ஆசையாகச் செய்துகொண்டு வந்த மீன் பண்டத்தை ஒரு வாய் தின்றுவிட்டு, “இது நல்லா இல்லம்மா. ஆனா காலையில நீங்க பாடினது நல்லா இருந்துச்சு” என்றார். அந்த அம்மாள் அழுதார், பிறகு சிநேகிதியானார். பழம் வாங்க வருகிறவர்கள் வெல்டாவின் பெட்டிகளைக் கொட்டிப் பார்ப்பதில்லை. அடியில் பனியில் கருகின காய் இருக்கிறது என்று அவரே சொல்லிவிடுவார்.

கணவர் ஆர்லோ இதற்கு நேர் எதிர். பக்கத்து ஆப்பிள் தோட்டத்துக்காரர், பள்ளிப் பேருந்தும் ஓட்டியவர். வாயைத் திறந்தால் புளுகு. ஆற்றுக்குள் ஒரு ரயில் முழுகிக் கிடக்கிறது, அதன் ஓட்டுநர் இன்னும் விசில் ஊதுகிறார் என்று இந்த ஊரில் ஒரு தலைமுறையே நம்பி வளர்ந்தது. பகலில் நிலாவைப் பழக் கிடங்கின் குளிர் அறையில்தான் பூட்டி வைக்கிறார்கள் என்று தன் மகளிடம் சொல்லியிருந்தார். “புளுகாதே ஆர்லோ” என்பார் வெல்டா. “நீ உண்மையைச் சொல்ற அளவுக்கு யாராவது பொய் சொன்னாத்தானே வீடு சமமா இருக்கும்” என்பார் அவர்.

மகள் ட்ரீனா ஒரே பிள்ளை. டவுன் சிண்ட்ரோம் என்கிற பிறவிக் குறைபாட்டோடு பிறந்தவள். இன்று நாற்பதைத் தாண்டிவிட்டாள். வாரத்தில் சில காலைகள் ஊர் விடுதியில் துண்டுகள் மடிக்கும் வேலை. மாதாமாதம் அரசு உதவித்தொகை வரும். அடுப்பைத் தனியாகப் பற்றவைக்க மாட்டாள். ஆனால் அம்மா மாத்திரை சாப்பிட மறந்தால் விடமாட்டாள்.

ட்ரீனா சின்னவளாக இருந்தபோது கணவனும் மனைவியும் ஊர் வக்கீல் ஷிமிசுவிடம் போய்க் கூட்டுச் சொத்து ஒப்பந்தம் எழுதினார்கள். எங்கள் வாஷிங்டன் மாநிலத்தில் அது பாதி வீடுகளில் இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதித்தது எப்படியும் இருவருக்கும் பொது. இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் அப்பன் வீட்டுச் சொத்தும் பொதுவாகிவிடும். ஒருவர் போனதும் எல்லாம் மற்றவருக்கு, கோர்ட்டுப் படி ஏற வேண்டாம். வெல்டாவின் அப்பா விட்டுப்போன பேரிக்காய்த் தோட்டமும் ஆர்லோவின் ஆப்பிள் தோட்டமும் அன்று ஒன்றாயின. “நான் போன மறுநாளே இவ என் டிராக்டரை வித்துடுவா” என்றாராம் ஆர்லோ. “மறுநாள் எதுக்கு, அன்னைக்கே” என்றாராம் வெல்டா. ஆர்லோ வயதில் மூத்தவர், இதயமும் பலவீனம். முதலில் யார் போவார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

முதலில் போனது ஆர்லோவின் நினைவு. பேருந்துத் தடத்தை மறந்தார், பிறகு வீட்டுக்கு வரும் வழியை. ஒரு வசந்தத்தில் மருந்தடிக்கும் வண்டியை ஆற்றுக்குள் ஓட்டிவிட்டார். இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, “பிள்ளைங்க எல்லாம் ஏறியாச்சா?” என்று கேட்டுக்கொண்டிருந்தவரை நாங்கள் இரண்டு பேர் இறங்கித் தூக்கி வந்தோம். அதன் பிறகு அவர் ஆற்றங்கரையில் இருக்கும் முதியோர் இல்லத்தில், மறதிக்காரர்களுக்கான பகுதியில் இருக்கிறார்.

அடுத்து வெல்டாவின் முறை வந்தது. முதுகுவலி என்று போனவருக்குக் கணையத்தில் கட்டி என்றார்கள். மருத்துவர் வருடக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. “அடுத்த அறுவடை பார்ப்பீங்க. அதுக்கடுத்தது சொல்ல முடியாது” என்றாராம். என்னிடம் வேலியோரம் இதைச் சொல்லிவிட்டு, “விவசாயிகிட்ட எப்படிப் பேசணும்னு தெரிஞ்ச டாக்டர்” என்றார் வெல்டா.

பழைய ஷிமிசு இறந்துவிட்டார். இப்போது வக்கீல் அவர் மகள் லோயிஸ். அவள் சுற்றி வளைக்கவில்லை. “நீங்க முதல்ல போனா உங்க பங்கு மொத்தமும் அந்த நிமிஷமே ஆர்லோவுக்குப் போயிடும், ஆன்ட்டி. உயில்ல நீங்க என்ன எழுதினாலும் அது நிக்காது. இந்த ஒப்பந்தம்தான் நிக்கும். அவரோட பராமரிப்புச் செலவு எல்லாத்தையும் தின்னுடும். அவர் போகும்போது ஏதாவது மிஞ்சி நேரா ட்ரீனா பேருக்கு வந்துச்சுன்னா, அவ உதவித்தொகை நின்னுடும். சொத்து இருக்கிறவங்களுக்கு அதைக் கொடுக்க மாட்டாங்க.”

உயிலிலேயே ட்ரீனாவுக்காக ஒரு டிரஸ்ட் எழுதலாம். பொறுப்பான ஒருவர் வைத்து நடத்தலாம், சொத்து ட்ரீனா பேரில் இல்லாததால் உதவித்தொகையும் நிற்காது. ஆனால் ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்வரை அந்த உயில் வெறும் தாள். ஒப்பந்தத்தை ரத்து செய்ய இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், புரிந்து போட வேண்டும்.

கையெழுத்து வாங்க லோயிஸின் அலுவலகத்துக்குப் போன அன்று, ஆர்லோவைக் கைப்பிடித்து நடத்திவர நானும் கூடப் போனேன். தலை சீவி, நல்ல சட்டை போட்டு அழைத்து வந்திருந்தோம். லோயிஸைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “ஷிமிசு பொண்ணா? உங்கப்பன் எனக்கு ஒரு சேவல் பாக்கி.” எல்லோரும் சிரித்தோம். எனக்குக்கூட ஒரு நம்பிக்கை வந்தது. லோயிஸ் தாளை அவர் முன்னால் வைத்தாள்.

“இதுல கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்னு சொல்லுங்க, அங்கிள்.”

ஆர்லோ தாளையே வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். “வெல்டா கொண்டு வந்திருக்கான்னா சரியாத்தான் இருக்கும். எங்கே போடணும்?”

லோயிஸ் வாய் திறப்பதற்குள் வெல்டா எட்டி, அவர் விரல்களிலிருந்து பேனாவை மெல்லக் கழற்றினார்.

“வேண்டாம். அவருக்குத் தெரியல. தெரியாதவர்கிட்ட வாங்கினா அதுக்குப் பேரு திருட்டு.”

இன்னொரு வழிதான் மிச்சம் இருந்தது. அதைச் சொல்ல லோயிஸுக்கு நாக்கு எழவில்லை; சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். விவாகரத்து ஆகிவிட்டால் ஒப்பந்தம் செத்துவிடும். கோர்ட்டு சொத்தைப் பிரித்துக் கொடுக்கும். ஆர்லோவின் பங்கு அவர் பராமரிப்புக்குப் போதும். வெல்டாவின் பங்கு வெல்டாவின் இஷ்டம்.

அந்தக் கோடையில் ஆர்லோவுக்கு வெல்டாவின் முகமும் மறந்துபோனது. கோடை முழுவதும் வேலிக்கு அப்பால் சத்தமே இல்லை. மரங்களைக்கூட அவர் திட்டவில்லை. காய் பறித்து முடிந்த பிறகு லோயிஸுக்குப் போன் செய்து, “போடு” என்று ஒரே வார்த்தை சொன்னார்.

ட்ரீனாவிடம் அவரே சொன்னார். சமையலறையில் நானும் இருந்தேன்.

“அப்பாவுக்கு டைவர்ஸா? அப்பா என்ன தப்பு பண்ணாரு?”

“ஒண்ணும் பண்ணல, கண்ணு.”

“நீ பண்ணியா?”

“நானும் பண்ணல. நாங்க போட்ட ஒரு முடிச்சு இருக்கு. அதை அவிழ்க்க அப்பாவால முடியல. அதனால நான் அறுக்கிறேன்.”

“அப்பாவைப் பார்க்கப் போவியா?”

“தினமும்.”

ட்ரீனா சற்று யோசித்துவிட்டு, “அப்போ சரி” என்றாள். அவள் அளவுக்கு ஊர் தாராளமாக இல்லை. காபிக் கடையில் டுவெய்ன் என்கிற பழைய கிடங்குக்காரர், வெல்டா பின்னால் நிற்பது தெரியாமல், “புருஷனுக்குப் புத்தி போனதும் சொத்தை வாரிக்கிட்டுக் கழட்டி விடுறா பாரு” என்றார். “பாதிதான் டுவெய்ன்” என்றார் வெல்டா. “பாதியை அவருக்கு விட்டிருக்கேன். உன் காபி ஆறுது, குடி.” வெளியே வந்த பிறகு லாரிக் கதவைத் திறக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

கோர்ட்டில் அதிகம் பேர் இல்லை. ஆர்லோவுக்காகக் கோர்ட்டு நியமித்த கார்டியன் எழுந்து, பங்கு நியாயமாகத்தான் இருக்கிறது, தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். நீதிபதி நடுத்தர வயதுப் பெண்மணி. சத்தியம் வாங்கிக்கொண்டு, சட்டப்படி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

“இந்தத் திருமணம் இனி சரிசெய்ய முடியாதபடி முறிஞ்சு போச்சா?”

“முறியல” என்றார் வெல்டா.

லோயிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “திருமதி ஹாகன், எல்லாத்தையும் படிச்சிட்டுத்தான் உட்கார்ந்திருக்கேன். எதுக்காக வந்திருக்கீங்கன்னு தெரியும். ஆனா இதுதான் உங்க பதில்னா என்னால எதுவும் பண்ண முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க. அவசரம் இல்லை.”

வெல்டா முன்னாலிருந்த மரத் தடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் பேச ஆரம்பித்தபோது குரல் அவருடையது போலவே இல்லை.

“கல்யாணம்னா ஒண்ணு இருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கணும் இல்லீங்களா? அவருக்குத் தெரியல. நான் யாருன்னே தெரியல. தினமும் போறேன், தினமும் சொல்றேன். போட்டோ காட்டினேன். அவரோட புளுகையெல்லாம் அவருக்கே திருப்பிச் சொல்லிப் பார்த்தேன், எனக்குப் புளுகவே வராது. சிரிக்கிறாரு, அவ்வளவுதான். சரிபண்ண முடியுமான்னு கேட்டீங்க. முடியலீங்க.”

“அப்போ, ஆமான்னு எடுத்துக்கலாமா?”

“நீங்களா எடுத்துக்காதீங்க. நானே சொல்றேன்.” மூச்சை இழுத்தார். “ஆமா.”

திரும்பும் வழியில் பாலத்தருகே லாரியை நிறுத்தச் சொன்னார். இறங்கிப்போய்க் கைப்பிடிச் சுவரோரம் நின்றார். நான் வண்டியிலேயே இருந்தேன். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியபோது முகம் நனைந்திருந்தது. “பசிக்குது” என்றார். சாலையோரக் கடையில் மாட்டுக்கறி ரொட்டி வாங்கித் தின்றோம்.

லோயிஸ் புது உயில் எழுதி முடித்தாள். தோட்டம் டிரஸ்டில். வெல்டாவுக்குப் பின் அதைக் குத்தகைக்கு விட்டு வருமானத்தைப் பார்த்துக்கொள்ள வெல்டாவின் அக்காள் மகள் க்வென் சம்மதித்திருக்கிறாள். ட்ரீனா அதே வீட்டில், அதே அறையில் இருப்பாள். “இப்போ நான் எப்போ வேணா போகலாம்” என்றார் வெல்டா. உடனே, “போக இஷ்டம் இல்ல” என்றும் சொன்னார்.

இல்லத்துக்குப் போவது நிற்கவில்லை. டிசம்பரில் ஒரு நாள் லாரி கிளம்பாததால் நான் கொண்டுபோய் விட்டேன். ஆர்லோ வெளி வராந்தா பெஞ்சில், கனத்த கோட்டுக்குள் புதைந்து, உறையத் தொடங்கியிருந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெல்டாவைக் கண்டதும் மரியாதையாக எழுந்திருக்கப் பார்த்தார்.

“இந்த ஊருங்களா, அம்மணி?”

“ஆமா. ஆத்துக்கு அந்தப் பக்கம். பேரிக்காய்த் தோட்டம்.”

“எங்களது ஆப்பிள். பேரிக்காய்க்காரங்களுக்குக் கொஞ்சம் ராங்கி ஜாஸ்திம்பாங்க.”

“சரியாத்தான் சொல்றாங்க.”

அவருக்கு ஒரே சிரிப்பு. சிரித்து முடித்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

இதை அவர் முன்பும் பலமுறை கேட்டிருக்கிறார். ‘ஆச்சு, உன்னோடதான்’ என்று வெல்டா ஒவ்வொரு முறையும் சொல்வார். ஆர்லோ மிரண்டுபோவார். யாரும் சொல்லவில்லையே, என்ன தவறு செய்துவிட்டேன் என்று குழந்தை மாதிரி அழுவார். செவிலி வந்து உள்ளே கூட்டிப் போவாள்.

வெல்டா ஆற்றைப் பார்த்தார்.

“இல்ல” என்றார்.

ஆர்லோ சட்டென்று நிமிர்ந்தார். பெஞ்சில் நகர்ந்து இடம்விட்டார். வெல்டா உட்கார்ந்ததும், குளிரில் சிவந்திருந்த அவர் மூக்கைப் பார்த்துவிட்டு, ஆர்லோ தன் கோட்டுப் பையின் வாயை இரண்டு விரலால் அகல விரித்துக் காட்டினார். வெல்டா வலது கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு, கையை அதற்குள் விட்டுக்கொண்டார்.