ஸ்டியரிங்குக்கு எண்ணெய்க் குளியல்

நம்பிராஜன் அண்ணாச்சியின் வீடு குற்றாலத்தில் ஐந்தருவிச் சாலையில் இருக்கிறது. வாசலில் ஒரு பழைய வெள்ளை கான்டெஸா கார் நிற்கும். அதன் அடியில் எப்போதும் ஒரு தகரத் தட்டு கிடக்கும். தட்டில் சிவப்பாக ஏதோ சொட்டியிருந்ததைப் பார்த்து முதல் நாள் ரத்தம் என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரியிலேயே காலம் தள்ளியவளுக்கு வேறு என்ன தோன்றும்? அது பவர் ஸ்டியரிங் ஆயில்.

அண்ணாச்சி ஒரு லாட்ஜ் முதலாளிக்கு டிரைவராக இருந்தவர். முதலாளி மறைந்ததும் மகன்கள் புது வண்டி வாங்கிக்கொண்டு, பழையதை இவருக்கே கொடுத்துவிட்டார்கள். அண்ணாச்சியின் மனைவி ஆனந்தவள்ளி இறந்துபோய்விட்டார். மகன் விஜய்பாண்டி ராணுவத்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பேசுவான், பாதியில் சிக்னல் போய்விடும். போன சீசனில் அண்ணாச்சி அருவிக்கரைப் பாசியில் வழுக்கி வலது தோளை உடைத்துக்கொண்டார். தகடு வைத்துத் தைத்தார்கள். கைக்குப் பயிற்சி கொடுக்க மகன் என்னை அமர்த்தினான்.

கை மார்பு உயரத்துக்கு மேல் எழவில்லை. ஆனாலும் காரை ஓட்டினார். பவர் ஸ்டியரிங் வேலை செய்யும்வரை ஒரு விரலால் திருப்பிவிடலாம். ஆயில் குறைந்தால் அது ஆடு மாதிரிக் கத்தும், பிறகு கல்லாக இறுகும். வாரா வாரம் ஆயில் குறையும்.

அதனால் வாரா வாரம் ஜப்பார் வருவார். அப்துல் ஜப்பார் கடையநல்லூர்க்காரர். வளைகுடாவில் மெக்கானிக்காக இருந்து திரும்பியவர். செவ்வாய்க்கிழமைகளில் குற்றாலத்து லாட்ஜ் வேன்களைப் பார்க்க வந்தால் கடைசியில் இங்கே வந்து ஆயில் ஊற்றி, ஹோஸ் குழாயை முறுக்கி, டீ குடித்து, அண்ணாச்சியோடு சண்டை போட்டுவிட்டுப் போவார். செவ்வாய்க்கிழமை மட்டும் அண்ணாச்சி முகம் மழித்திருப்பார். அன்றைக்கு இட்லியும் கூடுதலாக இறங்கும். நோயாளியிடம் இதையெல்லாம் கவனிப்பது என் வேலை.

“அண்ணாச்சி, இந்தப் பம்புக்கு சீல் எங்கயும் கெடைக்கல. தூக்கிப் போட்டுட்டு கரண்டு ஸ்டியரிங் மாட்டிருவோம். சின்னக் காருல இருந்து கழட்டுனது எங்கிட்ட கெடக்கு. ஆயிலே வேண்டாம், ஒழுகாது” என்றார் ஜப்பார் ஒரு நாள்.

“ஒழுகலைன்னா?”

“ஒழுகலைன்னா நான் வார சோலி மிச்சம்.”

“அதெல்லாம் வேண்டாம். பழசு பழசாவே கெடக்கட்டும்.”

“வண்டிக்கு ஒழுகுத வியாதி. ஒமக்குப் பிடிவாத வியாதி. நர்சம்மா, இதுக்கு ஊசி இருக்கா?”

“இருந்தா முதல்ல உங்களுக்குத்தான் போடுவேன்” என்றேன்.

ஜப்பாரின் மகள் மாஜிதாவுக்குக் கல்யாணம் ஆனது. மருமகனோடு சேர்ந்து தென்காசியில் ஒர்க்‌ஷாப் போட்டார். குற்றாலத்து வேன் வேலையை விட்டுவிட்டார். கடைசியாக வந்தபோது ஒரு டப்பா ஆயிலைக் கொடுத்து, “இனி நீங்களே ஊத்திக்கிடுங்க. இந்தக் கோடு வரைக்கும். தெரியாததா ஒங்களுக்கு?” என்றார். அண்ணாச்சி டப்பாவை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

செவ்வாய்க்கிழமைகள் வந்துபோயின. அண்ணாச்சிக்குத் தாடி வளர்ந்தது. வெளியே சாரல் விடாமல் அடித்தது. ஒரு மாலை, பக்கத்து லாட்ஜ் வாசலில் எண்ணெய் தேய்த்துவிடும் சுடலைராஜிடம் அண்ணாச்சி ஒரு பாட்டில் மூலிகை எண்ணெய் வாங்கி வந்தார்.

“தகடு வச்ச தோள்ல இதைப் போட்டுத் தேய்க்கக் கூடாது” என்று அதட்டினேன்.

“தோளுக்கு இல்ல நர்சம்மா” என்றார். முழங்காலுக்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை காய்கறி வாங்க இலஞ்சிக்குப் போகலாம் என்று என்னையும் காரில் ஏற்றினார். வயல் ஓரத்து வளைவில் ஸ்டியரிங் கத்தியது, அப்புறம் இறுகிவிட்டது. அவருடைய வலது கை எவ்வளவு இழுத்தும் சக்கரம் திரும்பவில்லை. நான் இந்தப் பக்கமிருந்து எட்டிப் பிடித்து இழுத்தேன். அவர் பிரேக்கை மிதித்தார். கார் வரப்பில் மூக்கை வைத்து நின்றது. யாருக்கும் அடியில்லை. வழியில் போனவர்கள் தள்ளிக் கொடுத்து வீடு வரை கொண்டுவந்தார்கள்.

அண்ணாச்சி போன் செய்ததும் ஜப்பார் தென்காசியிலிருந்து பைக்கில் வந்து சேர்ந்தார். ஸ்டியரிங் ஆயில் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

“அண்ணாச்சி! என்னது இது, ஸ்டியரிங்குக்கு எண்ணெய்க் குளியலா?”

“எண்ணெய்னா எல்லாம் எண்ணெய்தானலே.”

“சீயக்காய் போடலையா?”

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சிதான் அதிகம் சிரித்தார். அப்போதுதான் கவனித்தேன், காலையிலேயே முகம் மழித்திருந்தார். அன்று செவ்வாய்க்கிழமை இல்லை.

ஜப்பார் கேட்டாரென்று நல்ல ஆயில் டப்பாவைத் தேடினேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் மூடி உடைக்காமல் இருந்தது. காலமெல்லாம் வண்டி ஓட்டியவருக்கு எந்த எண்ணெய் எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் இல்லை. டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

“மூலிகைக் கசடு அடைச்சு பம்பு செத்துப்போச்சு” என்றார் ஜப்பார்.

“கரண்டு ஸ்டியரிங்கையே மாட்டுங்க” என்றேன். எனக்கு அண்ணாச்சியின் கைதான் கணக்கு. இன்னொரு வளைவில் வயல் இருக்காது, லாரி இருக்கும்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். “நர்சம்மா சொன்னா சரிதான்.”

வேலை நடந்தபோது ஸ்டூல் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, இடது கையால் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். முதலாளி காலத்துக் கதைகள் எல்லாம் வந்தன. ஜப்பார் வண்டிக்கு அடியில் படுத்தபடியே ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பேச்சுப் பேசினார். முடித்ததும், “இனி ஒரு சொட்டு கீழ விழாது அண்ணாச்சி” என்று கையைத் துடைத்துக்கொண்டு போனார். விழவில்லை.

தகரத் தட்டைக் குப்பையில் போட எடுத்தேன். “கெடக்கட்டும்” என்றார். இப்போது அதில் சாரல் தண்ணீர்தான் நிற்கிறது.

அடுத்த செவ்வாய்க்கிழமை முகம் மழித்திருந்தார். பயிற்சி முடிந்ததும் நின்ற காரில் ஏறி, சக்கரத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு விரலால் திருப்பினார்.

“சத்தமே இல்ல, பாத்தீங்களா?”

“தென்காசிக்குப் போய் ஜப்பாரைப் பார்த்துட்டு வருவோமா?” என்று கேட்டேன்.

“எதுக்கு?” என்றார். “வண்டியிலதான் ஒரு கோளாறும் இல்லையே.”