நான்கு வகுப்பறைகள் காக்கும் பொந்து

போன வாரத்துக்கு முந்தைய புதன்கிழமை நடந்தவை, வரிசையாக:

1. காலை பத்தரை. நான்கு பள்ளிகள் வீடியோ அழைப்பில் இணைந்தன. மூன்று திருவனந்தபுரம் நகரத்துப் பள்ளிகள். நான்காவது, மலைமேல் ஓர் எஸ்டேட் பள்ளி.

2. பத்து நாற்பது. ஒரு மரப்பொந்து திரையில் தெரிந்தது. உள்ளே ஒரு பெண் இருவாச்சிப் பறவை.

3. பத்து நாற்பத்தாறு. அந்த மரம் எங்கே நிற்கிறது என்பது நான்கு வகுப்பறைகளுக்கும் தெரிந்துவிட்டது.

மூன்றாவது நடக்கவே கூடாது என்பதற்காக நான் இரண்டு வாரம் வேலை செய்திருந்தேன்!

பிழைப்புக்கு நான் நெட்வொர்க் எஞ்சினியர். மாதத்தில் இரண்டு புதன்கிழமை அரைநாள் லீவு போட்டு இந்த வேலை. ஜெஸ்ஸி அக்கா காட்டிலிருந்து பேசுவார். பிள்ளைகள் வகுப்பிலிருந்து கேள்வி கேட்பார்கள். நடுவில் இருக்கும் சிக்னல், கேமரா, மைக் எல்லாம் என் பொறுப்பு. அக்காவுக்குச் சொந்த ஊர் பாறசாலை, இருப்பது வித்துராவில். இருபது வருடமாகப் பறவைகளின் பின்னால் நடப்பவர். ஒரு பறவைக்காக ஆறு மணி நேரம் அசையாமல் உட்காருவார். நான் ஆறு நிமிடம்.

இடத்தை ஏன் மறைக்க வேண்டும்? முட்டையிடும் காலத்தில் பெண் இருவாச்சி பொந்துக்குள் போய், எச்சத்தையும் மண்ணையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் மிச்சம். வாரக்கணக்கில் உள்ளேதான். அத்திப்பழமோ பூச்சியோ, ஆண் கொண்டுவந்து கொடுத்தால்தான் சாப்பாடு. மரத்தடியில் கூட்டம் கூடினால் ஆண் மிரண்டு விலகிவிடும். அப்புறம்... உள்ளே இருப்பவை பட்டினி.

ஒரு கூட்டின் இடம் வெளியே தெரிந்தால் அடுத்த ஞாயிறே முழங்கை நீள லென்ஸ்களோடு பைக்குகள் வந்து நிற்கும். அப்படி ஒரு கூடு வீணானதை அக்கா என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னார். மறுபடி நான் கேட்கவில்லை.

ஆகவே, பதினேழு வரிகளில் ஒரு பட்டியல் போட்டேன். போனில் லொகேஷன் அணைக்க வேண்டும். மலைமுகடு, சாலை எதுவும் திரையில் விழக்கூடாது. தேயிலை ஃபேக்டரியின் சங்கு ஊதும் நேரத்தில் அழைப்பு வேண்டாம். ரெக்கார்டிங் கூடாது. பதினேழுக்கும் டிக் போட்டுவிட்டுத்தான் அழைப்பைத் தொடங்கினேன்.

அக்கா தூரத்தில் மறைவாக உட்கார்ந்து, டெலஸ்கோப்பில் போனைப் பொருத்தியிருந்தார். மரப்பட்டை, கீற்று, கீற்றில் அலகு நுனி. பிள்ளைகள் திரையை நெருங்கி உட்கார்ந்தார்கள். அப்போதுதான் எஸ்டேட் பள்ளியிலிருந்து ஒரு குரல்:

"டீச்சர்! இது நம்ம ......க்குப் பின்னாடி நிக்கிற மரம்!"

(கோடிட்ட இடத்தை நான் நிரப்பப்போவதில்லை.)

"ஏய், வாயை மூடு புள்ள!" என்று டீச்சர் அதட்டினார். இடம் ரகசியம் என்று டீச்சர்களிடம் மட்டும் முன்பே சொல்லி வைத்திருந்தோம். நகரத்துப் பையன் ஒருவன், "சேச்சீ, லொகேஷன் கிட்டிப்போய்!" என்று மலையாளத்தில் கத்தினான், இடம் கிடைத்துவிட்டதாம். ஒரே சிரிப்பு. எஸ்டேட் பள்ளியின் பெயரோ திரையின் மூலையில் பெரிய எழுத்தில் இருந்தது. அதை டைப் செய்தவள்... நான்தான்.

சொன்ன பெண் நாலாம் வகுப்பு. முத்துலெட்சுமி என்று வைத்துக்கொள்வோம். டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் அழத் தொடங்கிவிட்டாள். நான் வகுப்பறை மைக்குகளை அணைத்துவிட்டு, அழைப்பைத் துண்டிக்கப் போனேன்.

"கட் பண்ணாத" என்றார் அக்கா, காதோடு பேசுவதுபோல. "எல்லா மைக்கையும் திறந்து விடு."

திறந்தேன்.

"மக்களே," — ஒரே பிள்ளையையும் அக்காவின் ஊரில் இப்படித்தான் கூப்பிடுவார்கள் — "அழாத. தப்பு உன் பேர்ல இல்ல. உன் வீட்டு முற்றத்துல கேமராவ வெச்சிட்டு, உன்கிட்டயே மறைச்சேன் பாரு, அது என் தப்பு. இந்தக் கூடு உனக்கு முன்னமே தெரியுமா?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு பதில் வந்தது. "தெரியும். போன வருசமும் அங்கனதான் இருந்துச்சு."

"வேற ஆருக்குத் தெரியும்?"

"எங்க லயத்து வீடுகள்ல எல்லாருக்கும். அது மண்ணு அப்பி மூடிருச்சுன்னா எங்கம்மா ஆளுக அந்தப் பக்கம் விறகுக்குப் போக மாட்டாக. சுத்திக்கிட்டுத்தான் போவாக."

"ஏன் மக்களே?"

இதைக்கூடக் கேட்பார்களா என்கிற குரலில் சொன்னாள்: "புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டு வாசல்ல போயி யாராச்சும் சத்தம் போடுவாகளா?"

"பதினோரு நாள் நடந்தாக்கும் நான் இதைக் கண்டுபிடிச்சேன்" என்றார் அக்கா.

"எங்ககிட்ட கேட்டிருக்கலாமே அக்கா!"

நான்கு வகுப்பறைகளும் சிரித்தன. எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் அக்கா. உடனே நோட்டை எடுத்து அவளிடம் கேட்டுக் கேட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். எந்த மாதம் மூடியது? ஆண் எந்தத் திசையிலிருந்து வரும்? இருபது வருட அனுபவம் உள்ள ஒருவர், நூறு பேருக்கு முன்னால், நாலாம் வகுப்புப் பிள்ளையிடம் பாடம் கேட்கிறார்... நம்மில் எத்தனை பேரால் முடியும்?

பிறகு நகரத்துப் பிள்ளைகளிடம் திரும்பினார். கூட்டம் வந்தால் உள்ளே என்ன ஆகும் என்பதை மறைக்காமல் சொன்னார். "இனி இது உங்க கையில. இப்ப நான் இங்க இருக்கதும் ஒரு கூட்டந்தான். என்ன செய்யலாம்?"

"ஆண்பட்சி வந்நில்லல்லோ..." என்று ஒரு குரல் இழுத்தது. ஆண் பறவை வருவதைப் பார்க்கத்தான் மூன்று வாரமாகக் காத்திருந்தார்கள். முதலில் பதில் சொன்னது, லொகேஷன் கிட்டியது என்று கத்திய அதே பையன். "கேமரா ஓஃப் செய்தோ சேச்சீ."

ஆஃப் செய்தோம்.

இரண்டு நாள் கழித்து எனக்கு ஒரு போன். நகரத்துப் பள்ளி மாணவி ஒருத்தியின் அப்பா, திருவனந்தபுரம் கோட்டைப் பகுதிக்காரர். வார இறுதி கேமராக் கலைஞர்.

"ஏம்மா, ஒரே ஒரு போட்டோ. தூர நின்னு எடுத்துண்டு வந்துடறேன். லொகேஷன் மட்டும் அனுப்பேன்."

"முடியாது சார்."

"எங்காத்துப் பொண்ணுக்கே தெரியும்மா! ரெண்டு நாளாக் கேக்கறேன், வாயே தொறக்க மாட்டேங்கறா. யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டாளாம். அப்பாகிட்டயுமாடின்னு கேட்டா, 'முக்கியமா உங்ககிட்டதான்'ங்கறா!"

குரலில் பாதி கோபம். மீதி பெருமைதான் என்று நினைக்கிறேன்.

என்னைப் போன்றவர்கள் எதையும் பூட்டிப் பழகியவர்கள். யாருக்குத் தெரியக்கூடாது என்று பதினேழு வரி எழுதத் தெரிந்தது. யாருக்கு ஏற்கனவே தெரியும் என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. பூட்டே இல்லாமல் ஒரு லயம் முழுவதும் அந்தக் கூட்டைக் காத்து வந்திருக்கிறது — நாங்கள் வருவதற்கு முன்பே.

நேற்றைய அழைப்பில் கேமரா எஸ்டேட் வகுப்பறைக்குள்ளேயே இருந்தது. பேசியது முத்துலெட்சுமி. ஆண் பறவை எப்படிக் கத்தும் என்று கேட்டார்கள். யாரோ கேலியாகச் சிரிப்பதுபோல் கத்திக் காட்டினாள். நான்கு பள்ளிகளும் திருப்பிக் கத்தின. நான் அவசரமாக ஸ்பீக்கரைக் குறைத்தேன். ஆண் பறவையை இன்னமும் அவர்கள் பார்க்கவில்லை. யாரும் குறை சொல்லவில்லை.

அக்கா வாரம் ஒருமுறை, முன்பைவிடத் தள்ளி நின்று பைனாகுலரில் பார்த்துவிட்டு வருகிறார். முத்துலெட்சுமி பள்ளி விட்டுப் போகும்போது தினமும் பாதையிலிருந்தே பார்த்து, நோட்டில் எழுதுகிறாள். குஞ்சு வெளியே வர இன்னும் சில வாரங்கள் ஆகும்.

நேற்று மாலை வரை: வாசல் மூடியிருக்கிறது. ஆண் பறவை வந்து போகிறது. வெளியாள் ஒருவரும் வரவில்லை.