மலை பழகாத ஆடுகள்

ஐம்பத்தேழு வயதுவரை தன் வாழ்க்கையில் சொல்லும்படியாக ஒன்றும் நடந்ததில்லை என்றுதான் நெஸ்டா ப்ரைஸ் எண்ணியிருந்தாள். வேல்ஸ் நாட்டில் மான்ட்கோமரி மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் பிறந்து, இரண்டு மைல் தள்ளியிருந்த கீழ்வீட்டு இட்வலைக் கட்டிக்கொண்டவள். ஆடுகள் குட்டி போடும் ஈற்றுக்காலம் முப்பத்துநான்கு பார்த்தவள். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பாள். அதில் ஒரு கட்டை எப்போதும் பிசகும். பாடுகிறவர்கள் அந்தப் பிசகையும் சேர்த்தே பாடிப் பழகியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. மலைமேல் நானூற்றுச் சொச்சம் செம்மறிகள் இருந்தன.

அந்த மலையில் வேலி கிடையாது. எந்த ஓடைவரை தன் இடம், எந்தப் பாறைக்கு அப்பால் அடுத்தவர் இடம் என்பது ஆட்டுக்கே தெரியும். தாய் போகிற வழியில் குட்டி போகும். அடுத்த வருஷம் அதன் குட்டி அதே வழியில் போகும். இட்வலின் தாத்தா காலத்து ஆடுகளின் வம்சம்தான் அப்போதும் மேய்ந்துகொண்டிருந்தது.

இரண்டாயிரத்தொன்றாம் ஆண்டு கோமாரி வந்தது. பண்ணை வாசல்களில் மருந்தில் நனைத்த வைக்கோலைப் பரப்பினார்கள். தேவாலயத்தைப் பூட்டினார்கள். தபால்காரர் கடிதங்களை வாசல் கேட்டிலேயே ஒரு டப்பாவில் போட்டுவிட்டுப் போனார். ஏப்ரல் முதல் வாரத்தில் மேல்வீட்டு கெத்தின் தொலைபேசியில் அழைத்தான். கெத்தினும் நெஸ்டாவும் ஒரே பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். மனைவி போனபின் அவன் தனியாகத்தான் இருந்தான்.

“நெஸ்டா, என் ஆடு ரெண்டு மூணு நொண்டுது. வாயில புண்ணு. நானே டாக்டருக்குச் சொல்லிட்டேன்.”

“அது கோமாரிதானா?”

“பரிசோதனைக்கு அனுப்பறாங்களாம். ஆனா முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்காம எல்லா ஆட்டையும் கொன்னுடுவாங்களாம். பக்கத்துப் பண்ணையையும் விட மாட்டாங்களாம். உங்க வீட்டுக்கும் வருவாங்க.”

இட்வல் ரிசீவரைப் பிடுங்கினான். “பிப்ரவரி மாசம் சந்தை ஆடு வாங்காதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டியா? இருபது ஆடு மலிவாக் கிடைச்சதுன்னு பல்லை இளிச்சே. இப்ப என் தாத்தா ஆட்டைக் கொல்லப் போறே. இனி என் கேட்டைத் தொடாதே.”

இட்வல் ரிசீவரை வைத்தான்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு வந்தார்கள். வெள்ளை அங்கி போட்ட ஆறு ஆண்கள். கால்நடை மருத்துவராக ஓர் இளம்பெண். அவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கையில் அட்டை வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பேசினாள். ஆடுகளை மலையிலிருந்து இறக்கிக் கொட்டகைக்குள் ஓட்டிக் கொடுத்தது இட்வலும் அவனுடைய நாயும்தான். எதற்கென்று தெரியாமல் நாய் வழக்கம்போல ஒழுங்காக வேலை செய்தது. பிறந்து மூன்று நாளான குட்டிகளும் அந்த மந்தையில் இருந்தன.

கொல்ல வந்தவர்களில் வயதான ஒருவர் சமையலறை வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். “அம்மா, ரேடியோவைக் கொஞ்சம் சத்தமா வச்சுக்கோங்க. அதுதான் நல்லது.”

நெஸ்டா ரேடியோவைப் போட்டாள். தோட்டக்கலை நிகழ்ச்சி. விதையை முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும், ஊறாத விதையின் தோலை ஊசியால் கீறிவிட வேண்டும் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு ஏழு பேருக்கும் தேநீர் போட்டாள். யாருக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்று கேட்டு, பிசகாமல் கலந்து கொடுத்தாள். திராட்சை ரொட்டியை அறுத்து வெண்ணெய் தடவினாள். நாலு மணிக்கு ஓசைகள் நின்றன. “ரொட்டி ரொம்ப நல்லா இருந்துச்சு” என்று அந்த மருத்துவப் பெண் சொல்லிவிட்டு, கார் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நெஸ்டா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். தட்டும்போதே, இவள் அழுகிறாள், நமக்கு ஏன் வரவில்லை என்று யோசித்தாள்.

அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் மருந்து போட்டால் கன்னம் தன்னுடையதில்லை போலாகுமே, அப்படி இருந்தது. அது உடம்பு முழுக்கப் பரவி, பல் பிடுங்கி முடித்த பிறகும் நீங்கவில்லை. சமைத்தாள், துவைத்தாள். ஈற்றுக்கால வழக்கப்படி விடியுமுன் எழுந்து பூட்ஸைப் போட்டுக்கொண்டு, வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

இட்வல் வாய் திறப்பதையே விட்டுவிட்டான். கையைக் காட்டினால் உப்பு, தலையசைத்தால் தேநீர் என்று மூன்று வாரம் ஓடியது. மாதக் கடைசியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் படிவம் வாசல் கேட்டிலிருந்த டப்பாவுக்கு வந்தது. சாப்பாட்டு மேசையில் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பூர்த்தி செய்ய உட்கார்ந்தவன் திடீரென்று கத்தினான்.

“இதுல நாம இல்லையே!”

“எதுல இல்ல?”

“எந்த இனம்னு கேட்டிருக்கான். பிரிட்டிஷுக்குக் கட்டம் இருக்கு. ஐரிஷுக்குக் கட்டம் இருக்கு. ஸ்காட்லாந்துக்காரனுக்கு அவன் ஊர்ப் படிவத்துல தனியாக் கட்டம் இருக்காம். வெல்ஷ்னு ஒரு கட்டம் கிடையாது!”

“கீழ ‘மற்றவர்’னு இருக்கு பாரு. அதுல எழுது.”

“என் வீட்டுல, என் நாற்காலியில உக்காந்துக்கிட்டு நான் மத்தவனா? ஆட்டுக்குக் காதுல அடையாளம் இருந்துச்சு. எனக்கு அதுகூடக் கிடையாதா?”

பேனாவை எடுத்துப் படிவத்தின் ஓரத்தில் தானே ஒரு கட்டம் வரைந்தான். தாள் கிழியும்படி அழுத்தி அதில் ஒரு குறி போட்டான். நெஸ்டாவுக்குக் கட்டத்தைப் பற்றிக் கவலையில்லை. மனிதன் பேசிவிட்டான் என்பதை மட்டும் கவனித்து வைத்துக்கொண்டாள்.

ஜூனில் தேர்தல் வந்தது, இருவரும் போகவில்லை. ஜூலையில் நடக்கும் பெரிய கால்நடைக் கண்காட்சியை அந்த வருஷம் ரத்து செய்திருந்தார்கள். வருஷாவருஷம் அதற்கென்று கோட்டு போட்டுக்கொண்டு கிளம்புகிற இட்வல், அந்தத் திங்கட்கிழமை கோட்டைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் காரைக் கழுவினான். பிறகு தேவாலயத்தைத் திறந்தார்கள். கெத்தின் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தான். அவன் பக்கம் யாரும் திரும்பவில்லை. பள்ளத்தாக்கில் மொத்தம் ஐந்து பண்ணைகளில் ஆடுகள் போயிருந்தன. ஐந்து வீட்டுப் பழியும் அவன் தலைமேல்தான் இருந்தது. கடைசிப் பாட்டு முடியும் முன்பே அவன் எழுந்து போவதை ஆர்மோனியத்துக்குப் பின்னாலிருந்து நெஸ்டா பார்த்தாள்.

ஆகஸ்டில் கடிதம் வந்தது. இட்வல் இரண்டு தடவை படித்துவிட்டு அவள் பக்கம் தள்ளினான். மேல்வீட்டில் எடுத்த மாதிரிகளில் கோமாரிக் கிருமி எதுவும் இல்லை. வாய்ப்புண்ணுக்கு வேறு சாதாரணக் காரணம் இருக்கலாம். வருந்துகிறோம்.

“அப்படின்னா நோயே இல்ல” என்றாள் நெஸ்டா.

“இல்ல.”

“நம்ம ஆட்டுக்கும் இல்ல.”

“படிக்கத் தெரியும்ல உனக்கு?”

“கெத்தின்கிட்ட யாராவது சொல்லணுமே.”

இட்வல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “என்னால முடியாது. அன்னைக்கு ஃபோன்ல நான் சொன்னது உனக்கே தெரியும். எந்த மூஞ்சியோட போறது?”

நெஸ்டா உருளைக்கிழங்கை உரித்து, அடுப்பில் வைத்து, தீயைக் குறைத்துவிட்டு மேல்வீட்டுக்கு நடந்தாள். கெத்தின் கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தான். பெருக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கடிதத்தை நீட்டினாள். அவன் அதை வாங்கவில்லை.

“எனக்கு மே மாசமே வந்துடுச்சு” என்றான்.

“மே மாசமா? மூணு மாசமா ஊரே உன்னைத் திட்டுது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா உங்க ஆடு எந்திரிச்சு வருமா?” விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தான். “என்னைத் திட்டறவரைக்கும் இட்வலுக்குத் திட்ட ஒரு ஆள் இருந்தான். சும்மாவே செத்துச்சுன்னு தெரிஞ்சா அவன் தாங்குவானான்னு எனக்குத் தெரியல. அதான் விட்டுட்டேன்.”

நெஸ்டா அங்கேயே ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். ஏதாவது பொங்கி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. “உருளைக்கிழங்கு வச்சிருக்கேன், குழைஞ்சிடும். சாப்பிட வர்றியா?” என்று கேட்டாள்.

“இன்னைக்கு வேண்டாம்.”

நவம்பரில், புது ஆடுகளைக் கொண்டுவர இருந்த தடை நீங்கியது. இட்வல் மேற்கிலிருந்து நூற்றைம்பது ஆடுகளையும், கெத்தின் நூறையும் இறக்கினார்கள். காதடையாளம் குத்தி மலையில் விட்டால், மறுநாள் காலை ஒன்றுகூட இல்லை. ஒரு கூட்டம் சாலையில் நின்றது. ஒரு கூட்டம் மூன்றாவது பள்ளத்தாக்கில் யாருடைய கோஸையோ தின்றுகொண்டிருந்தது. இந்த மலை அவற்றுக்கு அந்நியம். சொல்லிக்கொடுக்கத் தாய் ஆடும் இல்லை.

“வித்துடலாம். கிழட்டு வயசுல எவன் பின்னால ஓடறது?” என்றான் இட்வல்.

“நான் ஓடறேன்” என்றாள் நெஸ்டா.

அதில் வீறாப்பு எதுவும் இல்லை. வீட்டில் உட்கார்ந்திருப்பதும் மலையில் நிற்பதும் அவளுக்கு அப்போது ஒன்றுதான். காலையில் அவள், மதியத்துக்கு மேல் கெத்தின் என்று முறை வைத்துக்கொண்டார்கள். ஓடைவரை வரும் ஆட்டைத் திருப்புவது, திரும்பி நடப்பது, மறுபடி திருப்புவது. மழையிலும் பனியிலும் அதுதான். இட்வல் கீழே கல்சுவரை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். கெத்தின் தினமும் அவனைத் தாண்டித்தான் மலைக்கு ஏற வேண்டும். இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள். பிப்ரவரியில் ஒருநாள் இட்வல் நிமிராமலேயே சொன்னான்:

“உன் கேட்டோட கீல் இங்கவரைக்கும் கத்துது. எண்ணெய் போட மாட்டியா?”

“எண்ணெய் தீர்ந்துபோச்சு.”

“எங்கிட்ட இருக்கு. வந்து எடுத்துக்கோ.”

மன்னிப்பு என்று அவர்களுக்குள் நடந்தது அவ்வளவுதான். அந்த ஞாயிறு கெத்தின் சாப்பிட வந்தான். ஆட்டுக்கறி சூப்பில் உப்பு அதிகம் என்று குறை சொல்லிவிட்டு இரண்டு முறை வாங்கிக் குடித்தான்.

மூன்றாம் வருஷ வசந்தத்தில், அந்த மலையிலேயே பிறந்த குட்டிகள் முதல்முறையாகத் தாங்களே குட்டி போட்டன. நெஸ்டாவும் கெத்தினும் ஓடைக்கு மேலே ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

“அதுக்கப்புறம் உனக்கு எப்பவாவது அழுகை வந்துச்சா?” என்று அவள் கேட்டாள்.

“இல்ல. உனக்கு?”

“இல்ல. டாக்டர் மாத்திரை கொடுத்தார். டிராயர்ல கிடக்குது.”

கெத்தின் கையை நீட்டினான். “அந்தக் கறுப்பு மூஞ்சி எல்லைக்குப் போகுது பாரு.”

இளம் ஆடு ஒன்று குட்டியோடு ஓடைக்கரைவரை போனது. நெஸ்டா எழுவதற்குக் கையை ஊன்றினாள். ஆடு தண்ணீரை முகர்ந்தது, அக்கரைப் புல்லைப் பார்த்தது, பிறகு தானாகத் திரும்பி மேட்டில் ஏறியது. குட்டி பின்னால் ஓடியது.

நெஸ்டா ஊன்றிய கையை எடுத்துக்கொண்டாள். கெத்தின் பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் அவளுக்குத் தேநீர் ஊற்றினான்.