அப்பாவின் இரண்டு மெடல்கள்

எனக்கு எதையும் ஆறப்போடத் தெரியாது. அப்பா இறந்த மறுவாரமே அவருடைய இரண்டு மெடல்களையும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். செம்பூரிலிருந்து ஆபீஸ் போகும்போதும் வரும்போதும், ரயில் நெரிசலில் நின்றபடி பைக்குள் கையை விட்டு அவற்றைத் தடவிக்கொண்டிருப்பேன். அம்மா எண்பதை நெருங்கிவிட்டாள். அவள் இருக்கும்போதே ஒரு விஷயம் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு சண்டை நடந்தபோது அப்பா கடற்படையில் மாலுமி. அம்மா தாராவியில் ஒற்றை அறை வீட்டில் தலைப்பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு இருந்தாள். பொழுது சாய்ந்ததுமே ஊரெல்லாம் விளக்கை அணைத்துவிடும் நாட்கள். குழந்தைக்கு ஜுரம் கண்டது. தனியாகத் தூக்கிக்கொண்டு அந்த இருட்டில் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பிழைக்கவில்லை. என் அண்ணன் அவன். அப்பா வந்தது சண்டை முடிந்து பல வாரம் கழித்து. கப்பலில் இருந்தேன், எங்கே போகிறோம் என்று சொல்ல அனுமதியில்லை என்றார். ஆனால் குழந்தை இறந்த அந்த வாரம் பம்பாய் டாக்யார்டு வாசலில் அவரைக் கண்ணால் பார்த்ததாகப் பக்கத்துச் சந்துக்காரர் ஒருவர் அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

அவ்வளவுதான். அப்பா சொன்னதை அம்மா நம்பவில்லை. சண்டையும் போடவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், என்னைப் பெற்றாள். சாப்பிடும்போது மட்டும் அப்பாவை 'போதுமா' என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவராகத் தட்டின் மேல் கையை நீட்டி மறைப்பார். அதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தேன். அந்தச் சந்துக்காரரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. வெள்ளை யூனிஃபார்ம் போட்டால் தூரத்தில் எல்லா மாலுமியும் ஒன்றுபோலத்தானே தெரிவார்கள்?

மெடல்கள் வந்தது வெகு காலம் கழித்து. அப்போது அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். இப்போது நான் எடுத்து நீட்டியபோதும் அதே பாராமுகம்தான்.

"எல்லாருக்கும் குடுத்தான். உங்கப்பாவுக்கும் குடுத்தான். இதுல என்னட்டி இருக்கு?"

"அப்பாவோட நம்பர் போட்டிருக்கும்மா."

"சோர் பஜார்ல பழைய சாமான் கடையில போயிப் பாரு. கிலோ கணக்குல கெடக்கும்."

என்னோடு வேலை பார்ப்பவளின் மாமனார் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று மாதுங்காவில் இருக்கிறார். ஞாயிறு வரை பொறுக்க முடியாமல் அரை நாள் லீவு போட்டுப் போய் நின்றேன். காபி குடித்துவிட்டுப் பார்க்கலாம் என்றார் அவர். எனக்குக் காபி இறங்கவில்லை. அவரோ கண்ணாடியைத் தேடி, துடைத்து, மாட்டிக்கொண்டு, மெடல்களை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார்.

"வட்டமா இருக்கே, இது அப்போ சர்வீஸ்ல இருந்த எல்லாருக்கும் குடுத்தது. உங்கம்மா சொன்னது சரிதான்."

என் முகம் வாடிவிட்டது.

"இந்த ஸ்டார் அப்படி இல்லை. பூர்வி ஸ்டார். யுத்தத்தப்போ கிழக்குப் பக்கம் இருந்தவாளுக்கு மட்டும்தான். பம்பாய்ல இருந்த எனக்கே இது கிடையாது. நம்பர் அப்பாவோடதுதானே?"

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பெயிண்டில் எழுதியிருந்த நம்பர் அது. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

"அவரோடதுதான்."

"அப்போ அவர் இந்த ஊர்லயே இல்லைம்மா. வங்காள விரிகுடாப் பக்கம் இருந்திருக்கார்."

நன்றி சொன்னேனா என்பதுகூட ஞாபகமில்லை. பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையின்றி டாக்ஸி பிடித்தேன். சிக்னலில் வண்டி நின்றபோதெல்லாம் இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. வீட்டில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டாரை வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ அவுக சொன்னது நெசந்தானா?"

"நெசந்தாம்மா."

அழுவாள் என்று நினைத்தேன். அப்பாவுக்காக ஒரு கேஸில் ஜெயித்துவிட்டு வந்தவளைப் போல நான் நின்றுகொண்டிருந்தேன். அம்மா அழவில்லை. ஸ்டாரை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பொறவு ஏன் அவுக என்னய ஏசவே இல்ல? ஒரு நாளாவது ஏசியிருக்கலாம்லா."