செல்லம்மாக்காவுக்குப் போன்

பேபிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. பெயரைக் கேட்டுச் சிரிக்காதவர் தாம்பரத்தில் யாருமில்லை. சிரித்தால் சிரிக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். கொசு ஒழிப்பு அலுவலகத்தில் உத்தியோகம். மற்றவர்கள் ஊரெல்லாம் புகை விட்டுக்கொண்டு திரிந்தபோது, இவள் முடிச்சூர்ப் பக்கம் கிணறு கிணறாக எட்டிப் பார்த்து, கொசுப்புழுவைத் தின்னும் சின்ன மீன்களை விட்டுக்கொண்டிருந்தாள். “கெணத்துல மீனு வுட்றியே, கொயம்பு வைக்கவா?” என்று கேலி பேசிய ஊர்தான். மீன் பெருகிற்று, காய்ச்சல் குறைந்தது. அதைப் பற்றி நாக்பூரில் நடக்கிற மாநாட்டில் வந்து பேசும்படி 1991-ல் கூப்பிட்டார்கள்.

வேறு யாராவது இருந்தால் தலைகால் புரியாமல் ஆடியிருப்பார்கள். பேபிக்கோ இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை. கல்யாணம் ஆகவில்லை. இருந்த ஒரே துணை அம்மா செல்லம்மா. அவளும் போன தவக்காலத்தில் கண்ணை மூடிவிட்டாள். எதிர் மளிகைக்கடை தேவானந்தத்திடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு ரயிலேறினாள்.

விஜயவாடா தாண்டும்போதே குளிர் தூக்கிப் போட ஆரம்பித்தது. பாருங்கள் கூத்தை! கொசுவை ஒழிப்பது எப்படி என்று பேசப் போகிறவளுக்கே காய்ச்சல். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஜன்னலை இறக்கிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

மாநாட்டு மண்டபம் நிறைய ஆட்கள். ஆளுக்கு ஆள் தெரிந்தவர்கள், முதுகில் தட்டிக்கொண்டார்கள். பேபியின் பக்கத்து நாற்காலிக்காரர் மலேரியாவைப் பற்றி விடாமல் பேசினார். அருகில் ஒருத்தி பல் கிட்டி நடுங்குவது அவர் கண்ணில் படவில்லை. அறைக்கு வந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தாள். சோறு வாயில் வைக்க முடியவில்லை. கதவைத் தட்டி “மிஸ் பேபி, ஆல் ரைட்?” என்று கேட்டவரும் பதிலுக்கு நிற்கவில்லை.

மறுநாள் காலையில் அவள் முறை. இந்த உடம்போடு பேச முடியாது, ஊருக்குப் போய்ச் சேரலாம் என்றது ஒரு மனசு. போனால் இத்தனை வருஷம் கிணறு கிணறாக அலைந்ததெல்லாம் அம்போ என்றது இன்னொரு மனசு.

முன்பெல்லாம் டிரெயினிங்குக்கு எந்த ஊர் போனாலும் சாயங்காலம் தேவானந்தத்தின் கடைக்குப் போன் போடுவாள். அவர் தெருவில் இறங்கிக் குரல் கொடுப்பார். செல்லம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடிவருவாள். தூரத்து ஊருக்குக் கேட்க வேண்டுமே என்று கடையே அதிரக் கத்துவாள்: “சாப்ட்டியா? வேலையும் வாணாம், ஒண்ணும் வாணாம், வுட்டுட்டு வூட்டுக்கு வந்துடு!” பேபி “சும்மா இரும்மா” என்று அதட்டிவிட்டு வைப்பாள். அப்படி அதட்டினால் எங்கிருந்தோ ஒரு தெம்பு வந்துவிடும். அந்தத் தெம்புதான் இப்போது வேண்டியிருந்தது.

பொழுது சாய்கிற நேரம், போர்வையைப் போர்த்திக்கொண்டு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள். யாருக்குப் பேசுவது? மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே நம்பர்தான்.

“அண்ணா, பேபி பேசறேன்.”

கடையில் கூட்டம் போலிருக்கிறது. “யாரு, பேபியா? லைன்லயே இரு, இட்டாரேன்!”

நிறுத்தியிருக்கலாம். “அண்ணா” என்று வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ரிசீவரைப் பலகைமேல் வைக்கிற சத்தம். செருப்புச் சத்தம். அப்புறம் தெருவிலிருந்து, “செல்லம்மாக்கா! அக்கோவ்! பேபி போன்ல கீது!”

அந்தப் பெயரை யாராவது உரக்கக் கூப்பிட்டு எத்தனை மாசமாயிற்று! அம்மா இந்நேரம் அடுப்பைத் தணித்துவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பாள். பேபி பைத்தியக்காரி மாதிரி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

தேவானந்தம் திரும்பிவர நேரமாயிற்று. வாசலில் தொங்குகிற பூட்டைப் பார்த்திருப்பார். செல்லம்மாவின் பெட்டிக்குத் தோள் கொடுத்தவரில் அவரும் ஒருவர்.

“பேபி… பயக்க தோசம்மா. வாய்ல வந்துட்ச்சி. மனசுல வச்சுக்காதே.”

“இருக்கட்டும்ணா. கேக்க நல்லாத்தான் இருந்தது.”

“கொரலு இன்னா ஒரு மாரி கீது?”

“ஜுரம்ணா. சாப்பிடக்கூட முடியல.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ரயிலில் குளிர் கண்டதிலிருந்து இதை ஒருவரிடம் சொல்வது இதுதான் முதல் தடவை.

தேவானந்தம் தொண்டையைச் செருமிக்கொண்டார். செல்லம்மா கத்துவதை எத்தனை தடவை கேட்டவர் அவர்! “வேலையும் வாணாம், ஒண்ணும் வாணாம்மா,” என்றார். “வுட்டுட்டு வூட்டுக்கு வந்துடு.”

பேபி மூக்கை உறிஞ்சினாள். “சும்மா இருங்கண்ணா. காலைல பேசணும்.”

மறுநாள் அவள் பெயரை வாசித்ததும் மண்டபம் சிரித்தது. மேஜையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்று, கிணறுகளையும் மீன்களையும் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்தாள். இறங்கி வந்தாள். அறைக்குப் போகாமல் நேரே பூத்துக்குப் போனாள்.

“அண்ணா, பேபி. யாரையும் கூப்பிடாதீங்க.”

“இல்லம்மா, கூப்புடல…”

“உங்ககிட்டதான் சொல்லணும். கைதட்னாங்கண்ணா.”