இஞ்சியை மோந்து பார்ப்பவர்

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் காலை நடைக்கு வரும் அந்தப் பெரியவர், வெயில் ஏறினாலும் குரங்குக் குல்லாவைக் கழற்ற மாட்டார். சட்டைப் பையிலிருந்து ஓர் இஞ்சித் துண்டை எடுத்து, ஆசையாக மோந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொள்வார்.

ஒருநாள், "கடிக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஹார்ட்டுக்கு நல்லதுன்னு வாய் ஓயாம மென்னவன் சார் நான். ஸ்டென்ட் வெச்சப்புறம் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுத்தாங்க. இஞ்சியும் கொஞ்சம் அந்த வேலையப் பண்ணுமாம். ரெண்டும் சேந்தா ஆபத்து, இஞ்சியக் குறைச்சுக்கோன்னாரு டாக்டரு. எனக்குக் குறைக்க வரல, விட்டுட்டேன். மோந்து பாக்கறதுக்கு அவரு ஒண்ணும் சொல்லல!"

சிரித்தபடியே துண்டை என்னிடம் நீட்டினார்.

"நீங்க மாத்திரை எதுவும் சாப்பிடலையே? ஸ்வல்ப, கொஞ்சூண்டு கடிங்க."

கடித்தேன். காரம் காதுவரை ஏறியது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாக்கு எரிந்தது எனக்கு. கண்ணை மூடி, "ஸ்ஸ்... ஆஹா!" என்று சப்புக்கொட்டியது அவர்.